ஓசைக்கு இளைப்பாறல்

கூத்தப்பெருமானின் வலக்கரத்துத் துடி சிருஷ்டியையும் இடக்கரத்து அக்கினி சங்காரத்தையும் குறிக்கும் என்பது யாழ்ப்பாணத்திலே சைவசமய பாடம் படித்த சிறுவரும் அறிந்த செய்தி. துடியிலிருந்து ஓசை பிறப்பதைப் பற்றிப் பிரசங்கங்களில் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். பிறந்த ஓசை இறக்கவும் வேண்டுமே, அதற்கு வழி என்ன என்று வினவியவர் குறைவு. வீட்டறையொன்றில் தவிலை வைத்து ஒலிப்பதிவு செய்ய முற்படுகின்றவரோ இந்த வினாவிலிருந்து தப்ப முடியாது.

தவில் வெளிக்கென்று பிறந்த வாத்தியம். பலாமரத்தைக் குடைந்த கொட்டின் வலந்தலையைக் கூடணிந்த விரல்களும் தொப்பியைக் கழியும் தாக்க எழுகின்ற நாதம், இணுவிலிலும் அளவெட்டியிலும் மாவிட்டபுரத்திலும் தேரோடும் வீதிகளை நிரப்புவதற்கென்றே அமைந்தது. மாங்கல்யதாரண வேளையில் அமங்கலமான சொல்லொன்று காதில் விழாதபடி கெட்டிமேளத்தால் ஒரு மதிலையே எழுப்புவதும் அதன் தொழில். (பிற ஓசைகளுக்கு மதிலாய் நின்ற வாத்தியத்துக்கே இன்று மதில் கட்ட வேண்டியிருப்பது காலத்தின் வேடிக்கை.) அத்தகைய தவிலைப் பத்தடிச் சதுர அறைக்குள், சீமெந்துத் தரைக்கும் சுண்ணாம்பு பூசிய சுவர்களுக்கும் நடுவே வைத்து வாசித்தால் என்ன நேரும்? நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஓசை அவ்வறையில் ஒரு நொடிக்குள் நூறு தடவைக்கு மேல் சுவர்களில் மோதி மீள்கிறது. முதல் தவிற்சொல்லின் எச்சம் அடங்குமுன் பத்தாவது சொல் வந்து சேர்ந்துவிட, துரிதகாலத்தில் தகதிமி எது, தரிகிட எது என்று வாசித்தவருக்கே விளங்காமற் போகிறது.

ஓசையின் அழிவை ஆராய்ந்த தர்க்க நூலாரான நையாயிகர்கள் சப்தத்தை ஆகாயத்தின் குணம் என்றும், முதற் கணத்தில் தோன்றி இரண்டாங் கணத்தில் நின்று மூன்றாங் கணத்தில் நாசமடைவது என்றும், நீரலை அலையை எழுப்புவதுபோல ஒரு சப்தம் மற்றொன்றைப் பிறப்பித்தே செவியை அடைகிறது என்றும் வகுத்தார்கள். சப்தம் நித்தியம், தாக்குதல் அதை வெளிப்படுத்துவது மாத்திரமே என்று வாதித்த மீமாம்சகர்களுக்கோ வேதத்தின் நித்தியத்துவத்தைக் காக்கும் பொறுப்பு இருந்தது. தவில் வாசிக்கும் அறையிலே அவர்கள் கட்சி எடுபடாது என்பது என் துணிபு. அழிய மறுக்கும் ஓசை அங்கே வெறும் இரைச்சல்.

மூன்றாங் கணத்தை உரிய வேளையில் வரச்செய்யும் கருவி மிக எளியது. நாலடி உயரமும் இரண்டடி அகலமும் நாலங்குல ஆழமும் உள்ள மரச்சட்டம். அதனுள்ளே றொக்வூல் எனும் பாறைநார், அது கிடையாதவிடத்து இறுக்கமான தும்பு மெத்தைத் துண்டு. வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபுறம் செல்லத்தக்க பருத்தித் துணி. சாயாமல் நிற்கக் கீழே இரண்டு குறுக்குக் கால்கள். பின்புறத்தைப் பலகையால் அடைத்துவிடுவது தச்சர்களின் பழக்கதோஷம். திறந்து விட்டால் இருபுறமும் ஓசையை உறிஞ்சும். ஓசையாய் அசைகின்ற காற்று நார்களினூடே நுழைந்து உராய்ந்து அற்ப உஷ்ணமாக மாறி ஒழிகிறது. இத்தகைய சட்டங்கள் நான்கைந்தைத் தவிலைச் சுற்றிச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தினால் வலந்தலையின் கூரிய ஓசை நன்றாக அடங்கும். தொப்பியின் கனத்த ஓசை அவ்வளவு எளிதில் வசப்படாது. 100 ஹேர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் மூன்று மீற்றருக்கு மேற்பட்டது, நாலங்குல நாருக்கு அதை மடக்கும் வலு இல்லை. ஆதலால் மூலைகளில் இன்னும் தடிப்பாக அடுக்க வேண்டும். முட்டை மட்டைகளை ஒட்டுவோர் சுவரை அலங்கரிக்கிறார்கள், அவ்வளவே. வாசிப்பு முடிந்ததும் சட்டங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்துறங்கலாம்.

இது ஓசையைக் கொல்வதாகாதா என்று கேட்பாருண்டு. சிவஞான சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியார் சங்காரத்தைக் கொடுமையென்று கொள்ளாமல், பிறந்திறந்து களைத்த ஆன்மாக்களுக்கு இறைவன் அளிக்கும் இளைப்பாற்றல் என்றே கொண்டார். அவருடைய ஆசிரியர் மெய்கண்டதேவரோ சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே, எல்லாவற்றையும் தன்னுள் ஒடுக்குகின்ற கடவுளே அவை மீளத் தோன்றுவதற்கும் முதல்வன் என்று நிறுவினார். உலகத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட அந்தப் பேருண்மை ஒரு தவிற்சொல்லின் சிற்றெல்லைக்குள்ளும் செல்லுபடியாவதைக் காண எனக்கு வியப்பாகவே இருக்கிறது: முன்னது முற்றாக ஒடுங்கிய இடத்திலேதான் பின்னது தன் வடிவத்தோடு தோன்றுகிறது.

அதற்காக அறையை முழுவதும் ஊமையாக்குவதும் தகாது. அமெரிக்க இசைஞர் ஜோன் கேஜ் 1950களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் எதிரொலியற்ற அறைக்குள் புகுந்தபோது தம் உடம்பின் ஓசைகளையே கேட்டதாகச் சொன்னார். அதை, தாக்குதலின்றி உள்ளே தானே எழுவதாக யோகிகள் சொல்லும் அனாகத நாதத்தோடு இணைத்து மகிழ்வாருண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. இரத்தம் ஓடும் சத்தம் இரத்தம் ஓடும் சத்தமே. தவிலுக்கு ஒரு சுவரையாவது வெறுமையாக விட்டுவைத்தால் நாதத்துக்குச் சிறிது உயிர் இருக்கும்.

இவ்வாறு செவ்வையாகப் பதிந்த தவிலை ஒலிபெருக்கியில் விட்டுப் பூசையை முடித்துவிடலாமா என்றால், கூடாது. வாத்தியம் சந்நிதியில் செய்யப்படும் உபசாரம். செய்பவன் அங்கே நிற்க வேண்டும். பதிவு கற்பதற்கும் காப்பதற்கும் உரியது. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1933இல் இணுவிலிலே பிறந்து 1975இல் மறைந்தார்; அவரை நேரிற் கேளாத தலைமுறைக்கு எஞ்சிய ஒலிப்பதிவுகளே கதி. இன்று நம்மிடையே வாசித்துக்கொண்டிருக்கும் முதிய வித்துவான்களின் கைவன்மையை, அவர்கள் கையில் வலு இருக்கும்போதே, ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்கும்படி பதிந்து வைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும். நாலு சட்டமும் கொஞ்சம் தும்பும் இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம்.