அரோகரா: தூரம் யாருடையது?

தைப்பூசத்துக்குப் பழனி மலையேறும் காவடிக் கூட்டம் ‘அரோகரா’ என்று முழங்குகிறது. அந்தச் சொல்லில் வேண்டுதல் இல்லை, செய்தியும் இல்லை. அரனாகிய சிவனைக் கூப்பிடும் விளி மகன் முருகனுக்கு முழக்கமாயிற்று. சொற்பொருள் எவ்வளவு தேய்ந்தும் அழைப்பு தேயவில்லை. ஆனால், எங்கும் இருப்பவனை எதற்கு இப்படி நீட்டிக் கூப்பிட வேண்டும்? தொலைவில் உள்ளவரை விளிக்கும்போது ஓசை தன் அளவைக் கடந்து நீளும் என்கிறது தொல்காப்பியத்தின் விளிமரபு. கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலிலிருந்து, வானம் தெளிந்த நாளில், பழனி கீழே தெரியும். அங்கிருந்து அழைப்பவருக்கு இவ்விதி அப்படியே பொருந்தும். பழனிச் சன்னதியிலோ நிலைமை வேறு. அடிவாரத்தில் நீண்ட அதே குரல், தீபாராதனை காட்டும் நேரத்தில், தண்டாயுதபாணிக்கு நேர் எதிரே இன்னும் ஓங்குகிறது. அழைப்பவர் தம் சிதறிய மனத்தைத் திரட்டிக்கொண்டு இறைவன்முன் வந்து சேரக் கடக்க வேண்டிய தூரமே அந்த நீட்சி என்பது என் துணிபு.

ஆங்கிலக் கவிதையின் ‘ஓ’வும் இத்தகையதே. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தின் சங்கீதங்களில் ஆண்டவரை அழைத்த அச்சொல்லால் ஷெல்லி மேல்காற்றை அழைத்தார். இத்தகைய விளிகளைக் கண்டு விமர்சகர்கள் கூச்சப்பட்டு ஒதுங்குவதை 1977-இல் இலக்கியக் கோட்பாட்டாளர் ஜோனதன் கல்லர் சுட்டிக்காட்டினார். காற்றை அழைப்பவர் தம்மைக் கவிஞராக நிறுவிக்கொள்கிறார் என்பது அவர் வாதம். அப்படியானால் அரோகராவும் பக்தர் தம்மைப் பக்தராகக் காட்டிக்கொள்வதுதானே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. எனினும் அது தனித்து நிற்கும் கவிஞரை மனத்தில் வைத்துப் பிறந்தது. படிக்கட்டில் ‘வெற்றிவேல் முருகனுக்கு’ என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, அவரை முன்பின் அறியாதவர்கள் முடித்துவைக்கிறார்கள். தம்மை நிறுவிக்கொள்ள வந்தவர் தம் வாக்கியத்தைப் பிறர் வாயில் விட்டுவிட மாட்டார்.

வாய்ப்பழக்கமாகிவிட்ட கூச்சல் வழிபாடாகுமா என்பது இதைவிடக் கடினமான மறுப்பு. நட்ட கல்லைச் சுற்றி மந்திரம் முணுமுணுப்பதைச் சிவவாக்கியர் கடிந்தார். மனம் வேறெங்கோ இருக்க எழும் முழக்கத்துக்கு அக்கண்டனம் முழுக்கப் பொருந்தும்; நான் அதை மறுக்கவில்லை. ஆனால் சடங்கைச் சாடிய சித்தர் மரபு விளியைக் கைவிடவில்லை. பாம்பாட்டிச் சித்தர் பாம்பையும், குதம்பைச் சித்தர் குதம்பை அணிந்த பெண்ணையும், இடைக்காடர் கோனாரையும் அழைத்தே பாடினார்கள். கடவுளைத் தமக்குள்ளேயே தேடியவர்கள் அவர்கள். அவர்களுக்கும், உள்ளே இருப்பதைப் பேச, எதிரே ஒருவரை நிறுத்தி அழைக்க வேண்டியிருந்தது.