பிறர் உரிமை

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், யார்க்ஷயரின் பிரதிநிதியாக 1759 முதல் 1783 வரை பார்லிமெண்டில் வீற்றிருந்தவரும், மந்திரி பதவி தேடி வந்தபோதும் அதனை ஏற்காதவருமான பாரனெட் ஸர் ஜார்ஜ் ஸாவில், தாம் புராட்டஸ்டண்டு மதத்தவராயிருந்தும், கத்தோலிக்கர்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டிருந்த கொடிய சட்டங்களிற் சிலவற்றை நீக்கும் மசோதாவை 1778-இல் தாமே முன்வந்து பிரேரித்தார். அதன் பயனாக, 1780 ஜூன் மாதத்தில், மதவெறி தலைக்கேறிய லண்டன் ஜனக்கும்பல் ஒன்று லெஸ்டர் சதுக்கத்திலிருந்த அவருடைய மாளிகையைச் சூறையாடி, சாமான்களை வெளியே குவித்துக் கொளுத்திற்று. ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலிலேயே யார்க்ஷயர் வாக்காளர் அவரை மீண்டும் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். தன் கூட்டத்தாரின் உரிமைக்கு வாதாடுதல் எவர்க்கும் இயல்பு. பிறர் உரிமைக்காகத் தான் நஷ்டமடையத் துணிவதே உத்தமமான ராஜதர்மம்.