அடுத்த வீட்டுக் கதவு

பிறர் வீட்டுக் காரியத்தில் தலையிடுதல் தகாது என்பது நாம் இளமையிலேயே கற்ற பாடம். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தபின் அது இன்னும் இறுகிப் போயிற்று. போன இடத்தில் வாய் காத்து இரு என்று பெரியோர் சொல்லி அனுப்பியதைச் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம் வழுவாது காத்து வருகிறோம். ஆயின், அடுத்த வீட்டில் ஒரு குழந்தை வாடுமாயின் அப்போதும் இவ்வொழுக்கம் ஒழுக்கந்தானா?

திருப்பதியில் நாம் முன்பு குடியிருந்த வரிசை வீடுகளுள் ஒன்றில் ஒரு சிறுவன் இருந்தான். தந்தையின் குடியும் இரவுச் சச்சரவும் சுவர் வழியே நமக்குக் கேட்கும். தெலுங்குக் குடும்பம், நமக்கேன் என்றிருந்தோம். ஒருநாள் மாலை அலுவலகம் விட்டு வருகையில் அவன் ஒரு சிற்றுண்டிக் கடையில் எச்சில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டு சிரித்தான். நாமோ கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தோம். சில மாதங்களில் அக்குடும்பம் வீட்டைக் காலி செய்து போயிற்று. எங்கே என்று கேட்டவர் எவருமில்லை.

தனியொருவர் போய்க் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதவு சாத்தப்பட்டிருக்கும், அன்றிரவு அத்தாய்க்கு அடியும் கூடியிருக்கும். இவ்வச்சம் பொய்யன்று. நம் மௌனத்துக்கு நாகரிகம் என்ற பெயரைத் தந்ததும் இதுவே.

இதற்கு விடையை நம் அண்டை மாவட்டமான நெல்லூரின் பெண்கள் கண்டனர். எழுத்தறிவு இயக்கத்தின் இரவுப் பள்ளிகளில் அவர்கள் கூடிப் படித்தனர். சாராயக் கடைக்கு எதிராகப் பெண்கள் ஒன்றுசேரும் கதையொன்று அங்கே பாடமாயிருந்தது. கணவன் கூலியைக் குடித்தழிப்பதும் பிள்ளைகள் பட்டினி கிடப்பதும் தன் தலைவிதி என்று அதுவரை ஒவ்வொருத்தியும் ஒளித்து வைத்திருந்தாள். விளக்கொளியில் பேசத் தொடங்கியபின்புதான் ஒரே துயரம் எல்லா வீட்டிலும் இருப்பது தெரிந்தது. 1992-இல் தூபகுண்டா என்னும் சிற்றூரில் பெண்கள் திரண்டு சாராயத்தை ஊரைவிட்டு விரட்டினர். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் அரசு சாராயத்தைத் தடை செய்தது. பின்னர் 1995-இல் வந்த முழு மதுவிலக்கு 1997-இல் தளர்ந்தது வேறு கதை. ஆனால் அப்பெண்கள் கலைந்து போய்விடவில்லை. நாளுக்கு ஒரு ரூபாய் எனச் சேமிக்கும் குழுக்களாயினர்.

கவனிக்க வேண்டுவது ஒன்று. தனியாக ஒருத்தி கேட்டால் வம்பு. ஊர் கூடிக் கேட்டால் அது முறையீடு.

சொந்த ஊரில் இக்காரியத்தைத் திண்ணைக் கிழவிகள் செய்தார்கள். வாடிய முகத்தோடு போகும் பிள்ளையை, யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல், இழுத்து உட்காரவைத்துச் சோறிடுவார்கள். அனுமதி கேட்கும் வழக்கமில்லை! அத்திண்ணையை விட்டுத்தான் நாம் ரயிலேறினோம். 1975 முதல் நாட்டில் நடைபெறும் அங்கன்வாடி உணவளிக்கும். இன்று வராத குழந்தை ஏன் வரவில்லை என்பது அடுத்த வீட்டாருக்கே முதலில் தெரியும்.

நம்மவர் பிள்ளைகளுக்கே தமிழ் கற்பிக்க முடியாதபோது பிறரைப் பற்றி என்ன என்று சங்கத்தில் ஓர் அன்பர் வினவினார். நியாயமான கேள்வி. 1960-இல் திருத்தணி தமிழகம் சென்றது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அன்றுமுதல் இங்கே தமிழ் வகுப்புக்குப் பிள்ளை சேர்ப்பது எளிதன்று. எனினும் நம் மகளுக்கு நள்ளிரவில் வலிப்பு கண்டபோது ஆட்டோவைத் தேடி ஓடியவர் எதிர்வீட்டுத் தெலுங்கர். நம் தாய்மொழி எதுவென்று அவர் கேட்கவில்லை.

இவ்வாண்டு முதல் ஞாயிறுதோறும் சங்கத்துப் பெண்டிர் சிலர் தெருவாரோடு சேர்ந்து, பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்கின்றனர். சென்ற மாதம் நாமும் உடன் சென்றோம். தமிழர் இருவர், தெலுங்கர் மூவர். கதவு திறக்க வெகுநேரமாயிற்று. திறந்த அம்மையார் நம் எண்ணிக்கையைப் பார்த்துத் திகைத்தார். பின்பு உள்ளே சென்று பாய் எடுத்து வந்து விரித்தார்.