தேடியதேட்டம்

விவாகரத்து முடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு, ஒரு கலியாண வீட்டில்தான் கேள்விப்பட்டேன். நாங்கள் ஒன்றாயிருந்த காலத்திலேயே அவர் கொக்குவிலில் தம்பியின் பெயரில் காணி வாங்கியிருக்கிறார். லண்டன் நீதிமன்றத்துக்கு அவர் நிரப்பிக் கொடுத்த சொத்து விபரப் படிவத்தில் அது இல்லை.

சட்டத்தில் இடமிருக்கிறது. மோசடியாக மறைத்துப் பெற்ற தீர்வைத் திரும்பத் திறக்கலாம் என்று 2015இல் ஷார்லண்ட், கோஹில் வழக்குகளில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணவாழ்வில் விலை கொடுத்துச் சேர்த்ததை எங்கள் தேசவழமை ‘தேடியதேட்டம்’ என்கிறது.

“விடு பிள்ளை, போனது போகட்டும்” என்றார் அம்மா. விட்டுவிடலாம். ஆனால் என் இரவு வேலைச் சம்பளம் வீட்டுச் செலவைத் தாங்கியதால்தான் அவருடைய காசு மிஞ்சியது. அந்தக் காணிக்குள் என் நித்திரையும் கிடக்கிறது.

வழக்கறிஞருக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. என் படிவத்தில் நானும் ஒன்றை எழுதவில்லை: சீட்டுக் கட்டிச் சேர்த்த நாலாயிரம் பவுண். பிள்ளைகளுக்கென்று மனதைச் சமாதானப்படுத்தியிருந்தேன். தம்பிக்கென்று அவரும் அப்படித்தான் சமாதானப்பட்டிருப்பார்.

என் பொய்யை அவருடையதில் கழித்து மௌனமாக இருந்தால் கணக்குச் சரிவருமா? இரண்டு பொய்யும் அப்படியே இருக்கும். நியாயம் கேட்பவர் முதலில் தன் கையை விரித்துக் காட்டவேண்டும்.

கடிதத்தின் முதல் வரியில் சீட்டுக் காசை எழுதினேன். காணி இரண்டாவது வரியில் வந்தது.