பாவத்தை மறைப்பதும் மருந்தைத் தேடுவதும்

மதுவை விட்டொழிக்க நாடும் ஒரு முஸ்லிம், குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் சபைக்குச் சென்று, தாம் குடித்துச் சீரழிந்ததைப் பலர் முன்னிலையில் எடுத்துச் சொல்லலாமா? அல்லாஹ் மூடி வைத்த பாவத்தைத் தாமே திறந்து காட்டிய குற்றம் அவரைச் சேராதா? நம் தாய்மார்களும் மனைவிமார்களும் கேட்கும் கேள்வி இது. அவர்கள் தர்க்கத்துக்காகக் கேட்கவில்லை. வீட்டில் ஒருவர் கண் முன்னே அழிந்து கொண்டிருக்க, மானம் ஒரு பக்கமும் உயிர் ஒரு பக்கமும் இழுக்க, வழி தெரியாமல் கேட்கிறார்கள்.

பாவத்தைப் பகிரங்கப்படுத்துவோரைத் தவிர தம் உம்மத்தினர் யாவரும் மன்னிப்புக்குரியோர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. இரவில் செய்ததை அல்லாஹ் மறைத்திருக்க, பொழுது விடிந்ததும் இன்னின்னது செய்தேன் என்று சொல்லித் திரிபவனைப் பற்றிய எச்சரிக்கை அது. அவன் பாவத்தைப் பெருமையாகவோ, அற்பமாகவோ கருதிப் பேசுகிறான்.

ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது 'அல் அத்கார்' நூலில் ஒரு விலக்கையும் சொல்லியிருக்கிறார்கள். பாவத்திலிருந்து வெளியேறும் வழியையோ, மீண்டும் அதில் விழாமலிருக்கும் உபாயத்தையோ, துஆவையோ நாடித் தம் ஷைகிடமோ அவர் போன்ற ஒருவரிடமோ சொல்வதில் தவறில்லை என்பது அவர்களின் கருத்து. மறைக்க வேண்டிய அவ்ரத்தையும் வைத்தியரிடம் தேவையளவு திறந்து காட்ட ஷரீஅத் அனுமதிக்கிறதல்லவா? சபையில் பேசுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பது என் முடிவு. 'தேவையளவு' என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. எங்கே, யாருடன், எப்படி என்ற விவரமெல்லாம் அங்கே வேண்டியதில்லை. பேச மனமில்லாதவர் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு வரலாம், யாரும் வற்புறுத்துவதில்லை.

இச்சபைகளில் பெயர் பெற்றது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனும் ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வணிகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரும் தொடங்கியது. இருவருமே குடியால் நொந்தவர்கள். இன்று தமிழ்நாட்டிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே சேருவதற்கு நிபந்தனை. முழுப் பெயர் கேட்பதில்லை. அங்கே கேட்டதை வெளியே கொண்டு போகக் கூடாது என்பது அவர்கள் மரபு. குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற சபை தனியே உண்டு.

சில கூட்டங்கள் சர்ச்சுக்குச் சொந்தமான அறைகளில் நடக்கின்றனவே என்பார்கள். இடம் கிடைத்தது, கூடுகிறார்கள், அது வணக்கமாகாது. தாம் அறிந்தபடியான இறைவன் என்றுதான் அவர்கள் சொல்வது. நம்மவர் அல்லாஹ்வையே நினைத்துக் கொள்ளட்டும். பிற மதத்து வேண்டுதல் ஏதேனும் ஓதப்பட்டால் வாய் திறவாமல் இருந்துவிடலாம். அங்கே எவரும் பாவமன்னிப்பு வழங்குவதுமில்லை. தவ்பா அடியானுக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளதே. 1989-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முஸ்லிம்கள் 'மில்லத்தி இஸ்லாமி' என்று இஸ்லாமிய முறையில் ஒரு சபையைத் தொடங்கினார்கள். நம் மஹல்லாக்களில் அத்தகையதை அமைக்க முடிந்தவர்கள் அமைக்கட்டும். அது வரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

சபைக்கு முன் மருத்துவமனை. பல்லாண்டுகள் அன்றாடம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை கால் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம்; உயிரும் போகலாம். ஆகவே வீட்டில் பூட்டி வைத்துத் திருத்தும் வீரம் வேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனையும் இருக்கிறது.

பிறகு சபையைத் தேடுவது. ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல் மூன்று நான்கு இடங்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவர்கள் அங்கே இருக்கிறார்களா? வாராவாரம் தவறாமல் கூடுகிறார்களா? மஃரிபைத் தொழுதுவிட்டுப் போய்ச் சேர முடியுமா? சொந்த ஊரில் முகம் தெரிந்துவிடும் என்ற அச்சமிருந்தால் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறலாம். தொண்ணூற்றொன்பது கொலை செய்து, நூறாவதையும் செய்துவிட்டு தவ்பாவுக்கு வழி கேட்டவனிடம் அந்த ஆலிம் என்ன சொன்னார்? உன் ஊரை விட்டு நல்லோர் வாழும் இன்ன ஊருக்குப் போ என்றார். தனியே இருந்து திருந்திக்கொள் என்று சொல்லவில்லை.

குடித்ததற்காகத் தண்டனை பெற்ற அப்துல்லாஹ் என்ற ஸஹாபி, பிறகும் குடித்து மீண்டும் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். தண்டனை தண்டனையாக நடந்தது. சாபத்துக்கு மட்டும் இடமளிக்கப்படவில்லை. நம் ஜமாஅத்துகளிலோ கல்யாணம், மய்யித்து எல்லாவற்றிலும் அந்த வீட்டுக்காரர்களை ஒதுக்கி, குடிக்கிறவனுக்குக் குடிக்கிறவனே துணை என்று ஆக்கிவிடுகிறோம். நாற்பது நாள் உன் தொழுகை ஏற்கப்படாது என்று பள்ளிவாசல் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அந்த ஹதீஸ் கூலியைப் பற்றியது; தொழாமலிருக்க அது அனுமதியன்று என்று இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள்.

ஆகவே வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை. அவர் கூட்டத்திலிருந்து திரும்பி வரும்போது, அங்கே என்ன சொன்னீர்கள், யார் யார் வந்தார்கள் என்று துருவிக் கேட்க வேண்டாம். இஷா ஜமாஅத் தவறியிருந்தால் வீட்டிலேயே விரிப்பை விரித்து அவரோடு சேர்ந்து தொழுதுகொள்ளுங்கள்.