சுவாமிமலையின் கீழ்த்தளம்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் உண்டு. நான் தலைமையாசிரியையாக இருக்கும் ஒன்றியப் பள்ளி திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கல் சூளைகளுக்கு நடுவே இருக்கிறது. பொங்கலை ஒட்டி ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஊரில் வாங்கிய முன்பணத்துக்காக இங்கே கல் அறுத்துவிட்டு, மழைக்கு முன் திரும்பிப் போவார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் எங்களிடம் படிக்க வருவார்கள். அவர்கள் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் பல ஆண்டுகளாக 'இந்தி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்டதில்லை. வடக்கே இருந்து வந்தவர்கள் என்றால் இந்திதானே என்று இருந்துவிட்டேன்.

ஐம்பத்திரண்டு வயதில் தொலைநிலையில் எம்.ஏ. கல்வியியல் சேர்ந்தேன். "ரிடையர் ஆக எட்டு வருஷம் இருக்கு, இப்ப எதுக்கு மேடம் படிப்பு?" என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். பள்ளியை நடத்தத் தெரிகிறது, எதற்காக நடத்துகிறேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

ஒரு தேர்வில் அரசியலமைப்பின் 350ஏ பிரிவு பற்றிக் கேட்டிருந்தார்கள். 1956-ல் ஏழாவது திருத்தத்தால் சேர்ந்த பிரிவு அது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்று சொல்கிறது. இரண்டு பக்கம் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அதே மாதம்தான் மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சூளைச் சிறுமிக்கு மறுபடியும் 'இந்தி' என்று எழுதினேன்.

நான் கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவள். சுவாமிமலைக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். எல்லோரும் அதை மகன் முருகன் தந்தை சிவனுக்கு ஓங்காரத்தின் பொருளை உபதேசம் செய்த கதையாகவே சொல்வார்கள். எனக்கு இப்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது பிரம்மாதான். வேதம் முழுவதும் அவருக்குப் பாடம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓதத் தொடங்கும் ஓங்காரத்துக்கு என்ன பொருள் என்று ஒரு பிள்ளை கேட்டபோது பதில் இல்லை. அதற்காகத்தான் முருகன் அவரைச் சிறையில் வைத்தான். தெரியாமல் இருந்தது குற்றமா? அப்படியானால் உலகில் யாரும் வெளியே நடமாட முடியாது. பொருள் தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல நாள்தோறும் சொல்லிவந்ததுதான் குற்றம் என்று நினைக்கிறேன். 350ஏ எனக்கு அப்படி ஒரு ஓங்காரமாகத்தான் இருந்தது.

அந்தச் சிறுமி இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தேன். கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்பதற்கு எட்டு என்று எழுதியிருந்தாள். ஒரு முறை இல்லை, நான்கு வர வேண்டிய இடத்தில் எல்லாம் எட்டு. அந்த எட்டின் மேல்முனை மூடாமல் திறந்தே இருந்தது. எண்ணைக்கூட முழுசாக எழுத வரவில்லையே என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டேன்.

மார்ச் மாதம், சூளைப் பிள்ளைகளுக்காக ஒடிசாவில் அச்சான பாடநூல்கள் சில எங்கள் பள்ளிக்கு வந்தன. எழுத்து ஒன்றும் தெரியாமல் சும்மா புரட்டினேன். பக்க எண்களும் அவர்கள் எழுத்தில்தான் இருந்தன. மூன்றாம் பக்கத்தைத் தாண்டித் திருப்பினால் கீழே மேல்முனை திறந்த எட்டு. ஒடியாவில் நான்கை அப்படித்தான் எழுதுவார்கள். நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவள் போட்ட கணக்கு எல்லாம் சரி. சிவப்பு மையால் நான் போட்டதுதான் தப்பு.

அன்று மதியம் அந்த நூலோடு மூன்றாம் வகுப்புக்குப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான்கைத் தொட்டுக் காட்டி, என்ன என்று கையால் கேட்டேன். நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முதலிலிருந்து விரலை வைத்து மெல்லச் சொன்னாள்: ஏக், துயி, தின், சார். நானும் சொன்னேன். 'துயி' எனக்குச் சரியாக வரவில்லை போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது முறை சிரித்தாள். வகுப்பும் சேர்ந்து சிரித்தது. இரண்டு மாதத்தில் அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

மாலையில் அழைத்துப்போக வந்த அண்ணனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். இந்தியை அடித்துவிட்டு ஒடியா என்று எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "புக்கு ஒடியா டீச்சர். வூட்ல பேசறது சம்பல்புரி" என்றான். அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஆய்வேட்டுக்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டேன். தேடிப் படித்தபோதுதான் ஹல்தர் நாக் பற்றித் தெரிந்தது. மேற்கு ஒடிசாவின் பர்கட் மாவட்டத்துக்காரர், சம்பல்புரியில் எழுதும் கவிஞர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். நான் மெல்லக் கற்பவள் என்று எழுதி வைத்த பிள்ளை படித்ததும் மூன்றாம் வகுப்புதான்.

பள்ளித் தலைமை பற்றிய தாளுக்காக நன்னூலின் பொதுப்பாயிரத்தையும் மறுபடி எடுத்துப் படித்தேன். ஆசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமைகளைச் சொல்கிறார் பவணந்தி முனிவர். பொறுமை, உயர்வு, நடுநிலை, இனிமை. இவற்றில் எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நான்கில் எதுவும் மாணவனிடம் போய் ஒன்றைக் கேட்பதில்லை. அந்தக் குறை என்னை உறுத்துகிறது.

கேட்ட தந்தையர் இருவரை நான் அறிவேன். ஒருவர் சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் கௌதமர். மகன் சுவேதகேதுவிடம் பிரவாகண மன்னன் ஐந்து கேள்விகள் கேட்க, ஒன்றுக்கும் விடை தெரியாமல் அவன் வீடு திரும்புகிறான். தந்தை, எனக்கும் தெரியாது என்கிறார். அதோடு நிற்காமல் அந்த மன்னனிடமே மாணவராகப் போகிறார். இதைப் பணிவு என்று பாராட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாததைத் தெரியாது என்பது வெறும் உண்மை, அதற்குப் பாராட்டு எதற்கு?

மற்றவர் சிவபெருமான். இங்கேதான் எனக்குப் பல நாள் குழப்பம். முற்றும் உணர்தல் இறைவனின் எண்குணங்களில் ஒன்று என்கிறது சைவம். முற்றும் உணர்ந்தவன் மகன் முன்னால் கைகட்டிக் கேட்டது நடிப்பா? திருவிளையாடல், உலகுக்கு வழிகாட்டினார் என்பதுதான் சிறு வயதிலிருந்து கேட்ட பதில். பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குச் சொல்லித்தரும் 'குழந்தையின் நிலைக்கு இறங்கி வாருங்கள்' என்பதும் இதே மாதிரிதான். மேலே இருப்பவர் சற்று நேரம் கீழே இருப்பதுபோல் காட்டிவிட்டு மறுபடி மேலே போய்விடுவார். தரையில் உட்கார்ந்த அந்த மதியத்துக்குப் பிறகு அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு என்ற எண் எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த நான்கு எனக்குத் தெரியாது. ஓங்காரம் சிவனுக்குத் தெரியும். தன் பிள்ளையின் நாவில் அது எப்படி இருக்கும் என்பது கேட்டால்தானே கிடைக்கும்? கேட்கத் தெரியாத அறிவில் ஒரு குறை இருக்கிறது. குறை இருந்தால் அது முற்றறிவு ஆகாது. ஆகவே அவன் கேட்டது நடிப்பில்லை, கேட்டதால்தான் அவன் முற்றும் உணர்ந்தவன். சாத்திரம் கற்றவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ, தெரியாது. நான் நம்புகிறேன்.

சென்ற ஆண்டு சுவாமிமலைக்குப் போனபோது, இத்தனை வருடம் பார்த்தும் பாராமல் போன ஒன்றைக் கவனித்தேன். அது கட்டுமலை. தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால் அறுபது படிகள். மகன் மேல்தளத்தில் நிற்கிறான். மீனாட்சியோடு சுந்தரேசுவரர் இருப்பது கீழ்த்தளத்தில். உபதேசம் முடிந்த பிறகும் தந்தை மேலே ஏறிப்போகவில்லை. கோயில் கட்டியவர்கள் அவரை அங்கேயே வைத்துவிட்டார்கள். கீழ்ச் சன்னதியில் அன்று வெகுநேரம் நின்றேன்.

அந்தச் சிறுமி ஜூனில் ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த தை மாதம் அந்தக் குடும்பம் எங்கள் பக்கம் வரவில்லை. மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். நோட்டில் இருந்த பெருக்கல் குறிகளை அடித்துச் சரி போட்டுக் கொடுக்க நினைத்திருந்தேன். அதற்குள் அவள் நோட்டோடு போய்விட்டாள்.

பள்ளி நடத்தும் என் சகோதர சகோதரிகளுக்கு ஒன்று. இந்த ஆண்டு சேர்க்கையின்போது தாய்மொழிக் கட்டம் வரும் இடத்தில் பேனாவைக் கீழே வையுங்கள். வீட்டில் என்ன பேசுவாய் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். அது சொல்லும் பெயர் நீங்கள் கேள்விப்படாததாக இருந்தாலும், அதையே எழுதுங்கள்.