மரக்காலும் சுழியும்

சீடன்: ஐயா, 1347 என்பதை ரோமானிய எண்ணில் எழுதச் சொன்னீர்கள். வழி பிடிபடவில்லை.

குரு: ஒடுகத்தூர்ச் சந்தைக்குச் சவ்வாது மலையிலிருந்து சாமை இறங்குகிறதே, அதை அளப்பவர் முதலில் எதைக் கையில் எடுப்பார்?

சீடன்: மரக்காலை. மரக்கால் நிறையாத மிச்சத்தைப் படியால் அளப்பார். அதிலும் மிஞ்சினால் ஆழாக்கு.

குரு: வழி அவ்வளவுதான். ரோமானியரின் மரக்கால் எம், அதாவது 1000. பிறகு டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1. 1347-இல் எம் ஒருமுறை போகும், மிச்சம் 347. சி மூன்று முறை, மிச்சம் 47. நாற்பதுக்கு எல்லுக்கு முன்னால் ஒரு எக்ஸ். ஏழுக்கு ஒரு வி, இரண்டு ஐ. மொத்தம் ஒன்பது எழுத்து.

சீடன்: நான்கு எக்ஸ் போடாமல் ஐம்பதில் பத்தைக் கழிப்பது ஏன்?

குரு: சுருக்கத்துக்காக. 900, 400, 90, 40, 9, 4 ஆகியவற்றையும் தனி அளவைகளாகச் சேர்த்துக்கொள். 3999 வரை எதுவும் அடங்கும். நம் பழைய கணக்கர் எப்படி எழுதுவார்?

சீடன்: ௲௩௱௪௰௭ என்று.

குரு: பார்த்தாயா? ரோமானியர் அளந்த அளவைகளையெல்லாம் வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். நம்மவர் எந்த அளவை எத்தனை என்று எழுதினார்கள். ஆறே குறிகள்.

சீடன்: பின்னங்களையும் இப்படித்தானா?

குரு: மா, காணி, முந்திரி வேறு பாடம்.

சீடன்: அப்படியானால் என்னை உறுத்துவதைக் கேட்டுவிடுகிறேன். 876-ஆம் ஆண்டுக் குவாலியர் கல்வெட்டில் 270 என்ற எண் சுழியோடு நிற்கிறது. நம் பக்கத்து விரிஞ்சிபுரம் கோயிலில், பெண்ணுக்கு விலை வாங்காமல் கன்னியாதானமாகவே மணம் முடிப்பது என்று படைவீட்டு ராச்சியத்து அந்தணர்கள் உடன்பட்ட கல்வெட்டு சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425-ஐச் சேர்ந்தது. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கடந்தும் தமிழ்க் கல்வெட்டு மரபில் ௲, ௱, ௰ தானே? நம் கணக்கர்கள் சுழியை அறியாதவர்களா, அறிந்தும் ஒதுக்கியவர்களா?

குரு: சுழிக்கு என்ன வேலை என்று முதலில் பார். 1005-இல் நூறும் இல்லை, பத்தும் இல்லை. அந்த இரண்டு இடங்களையும் யாராவது காக்காவிட்டால் எண் 15 ஆகிவிடும். காவலுக்கு வந்தது சுழி. ௲௫ என்று எழுதும்போதோ, ஆயிரம் தன் அடையாளத்தைத் தானே சுமக்கிறது. மரக்காலுக்கும் படிக்கும் உருவமே வேறு, அதனால் சும்மா கிடக்கும் படியை அளப்பவர் கணக்கில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கல்லில் சுழி இல்லாதது அறியாமைக்குச் சான்று ஆகாது. அந்த எழுத்துமுறைக்குச் சுழி தேவைப்படவில்லை என்பதற்கே சான்று.

இன்னொன்று. கணக்கு நடந்த இடம் கல்லும் அல்ல, ஓலையும் அல்ல. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை நெட்டுருப் போட்டவனுக்குப் பெருக்கல் விடை நாவில் இருந்தது. எழுத்தில் ஏறியது விடை மட்டுமே. ௲௩௱௪௰௭ என்பதைப் படித்துப் பார், ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு என்று பேசும் வரிசையிலேயே வருகிறது. வாய்க்கணக்கைப் பதிய இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லை.

எழுதியே கணக்குப் போடப் புகுந்தால்தான் சங்கடம். 1347-ஐப் பத்தால் பெருக்க ஒரு சுழி சேர்த்தால் போதும், 13470. பழைய முறையில் ௰௩௲௪௱௭௰ என்று முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். ஐரோப்பாவுக்கு இந்திய எண்களின் வசதியை விரித்துச் சொன்ன பிபனாச்சியின் நூல் 1202-இல் வந்தது. தாளில் கணக்கு பெருகப் பெருக ரோமானிய எழுத்துகள் கடிகார முகத்துக்கும் அத்தியாயத் தலைப்புக்கும் ஒதுங்கின. நமக்கும் அதே கதைதான். சுழி நம் பழைய குறிகளோடு சேர்ந்ததல்ல என்பது கணினி எழுத்துத் தரமான யூனிகோடிலும் தெரிகிறது. ௰, ௱, ௲ மூன்றும் அதில் முன்பே இருந்தன. தமிழ்ச் சுழி ௦ 2005-இல்தான் சேர்ந்தது.

ஆகவே எந்த எண்முறையையும் அதன் வேலையைக் கேட்டுவிட்டு எடைபோடு. பதிவதற்கு மரக்கால் வழி போதும், பெருக்குவதற்குச் சுழி வேண்டும். கல்வெட்டில் ஆண்டைப் பொறித்தவன் எதையும் பெருக்கவில்லை. அவனிடம் சுழி எங்கே என்று கேட்பது முறையல்ல.